ஏர்கான் குளிரில் கருகிய தொட்டிப் பனையைக் குருத்திலிருந்து மீட்பது எப்படி?

ஏர்கானுக்கு எதிரே வைத்த அரிக்கா பாம் முதல் வாரம் சாம்பல் பூத்தாற்போல் மங்கி, அடுத்த வாரம் பழுப்பாகிவிடும். உடனே பலரும் இரண்டு காரியம் செய்கிறார்கள். கருகிய ஓலைகளையெல்லாம் வெட்டித் தள்ளுகிறார்கள். செடி வாடிவிட்டதே என்று ஒரு குவளை தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். குளிருக்குத் தப்பிய பனை பெரும்பாலும் இந்த இரண்டினால்தான் சாகிறது. முதல் பத்து நாட்களுக்குக் கத்தரிக்கோலையும் தண்ணீர்க் குவளையையும் எட்ட வைத்துவிட்டு, இதைப் படித்த பிறகு தொட்டிக்குப் போங்கள்.

முருங்கையை ஒடித்து வளர்க்கலாம். கறிவேப்பிலையைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். பனைக் குடும்பத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளர்முனை. அது உச்சியில், மட்டைகளின் அடிகள் ஒன்றையொன்று தழுவியிருக்கும் இடத்தில், ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து மேலே நீளும் விரியாத ஓலையைத்தான் குருத்தோலை என்கிறோம். அந்த முனை உயிரோடு இருந்தால் ஓலை அத்தனையும் கருகினாலும் மரம் திரும்பி வரும். அது அழுகிவிட்டால், கீழே பத்து ஓலை பச்சையாக நின்றாலும் அந்தத் தண்டின் ஆயுள் அந்தப் பத்து ஓலையோடு முடிந்தது. ஆகவே கீழே வரும் எல்லா வேலையும் ஓலைக்காக அல்லாமல் குருத்துக்காகச் செய்வது.

வெப்பத் தீவில் குளிர் எங்கிருந்து வருகிறது

சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை சுமார் 19 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிர் எந்த வெப்பமண்டலப் பனையையும் கொல்லாது. ஆனால் அறை ஏர்கானை 22 டிகிரிக்கு வைத்தாலும், அதன் வாயிலிருந்து வெளியே வரும் காற்று 10 முதல் 15 டிகிரி வரைதான் இருக்கும். அறைக்கு 22, நேர் எதிரே நிற்கும் ஓலைக்கு 13. வெப்பமண்டலச் செடிகள் பலவும் உறைபனி இல்லாமலே இந்த அளவில் கெட ஆரம்பிக்கின்றன. குளிர் அறையில் தேங்காயெண்ணெய் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். ஓலையின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள சவ்விலும் கொழுப்பு இருக்கிறது. குளிரில் அதுவும் இறுகுகிறது. இறுகிய சவ்வு கசியும். உள்ளிருக்கும் நீர் வெளியேறிய இடம் முதலில் நீரில் ஊறினாற்போல் கரும்பச்சையாகவும், பிறகு பழுப்பாகவும் தெரிகிறது.

கூடவே இரண்டு துணைக் காரணங்கள். வெளியே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் அறையில் 50, 60 தான். ஓலை நீரை இழந்துகொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் குளிர்ந்த மண்ணில் வேர் மந்தமாகி, இழந்த நீரை எடுத்துத் தர முடியாமல் தவிக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுவது இதனால்தான். அந்த வாட்டத்தைத் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினால், சும்மா கிடக்கும் வேர் அழுகத் தொடங்கும்.

அலுவலகங்களில் இன்னொரு தொல்லை உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை நாள் முழுக்கக் குளிர்; இரவிலும் வார இறுதியிலும் ஏர்கானை அணைத்துவிடுவதால் புழுக்கம். வெள்ளிக்கிழமை மாலை “இரண்டு நாளைக்குத் தாங்கட்டும்” என்று ஊற்றும் தண்ணீர், அந்தப் புழுக்கத்தில் அழுகல் கிருமிகளுக்கு விருந்து.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை சேர்ந்தாற்போல் சில நாட்கள் விடாமல் பெய்யும்போது வெப்பநிலை 22, 23 என்று இறங்கும். அந்த நாட்களில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நிற்கும் பனைக்குக் குளிரால் ஆபத்தில்லை. வெயில் இல்லாமல் மண் காயாததுதான் பிரச்சினை. அதற்கு மருந்து தண்ணீரை நிறுத்துவது மட்டுமே.

குளிர்தானா என்று உறுதி செய்யுங்கள்

குளிர்த் தாக்குதலுக்கு ஒரு திசை உண்டு. ஏர்கானைப் பார்த்த பக்கத்து ஓலைகள் கெட்டிருக்கும். பின்பக்கம் ஓரளவு நன்றாக இருக்கும். இளம் ஓலை, முதிர்ந்த ஓலை என்ற பாகுபாடு இருக்காது. இடம் மாற்றிய இரண்டாம் நாளிலிருந்து பத்து நாளுக்குள் அடையாளம் வெளிப்படும். ஐயமிருந்தால் டிஷ்யூத் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஓலையின் நுனியில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். ஏர்கான் ஓடும்போது அது ஆடிக்கொண்டே இருந்தால் செடி காற்றின் பாதையில் நிற்கிறது. ஒரு சிறிய வெப்பமானியை ஓலை உயரத்தில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு.

அடியோலைகளில் மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் புள்ளிகள் தோன்றி, நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்தால் அது பொட்டாசியக் குறை. அடியோலையின் ஓரம் பட்டையாக மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால் மெக்னீசியக் குறை. ஓலை முழுக்க ஊசி குத்தினாற்போல் வெளிறிய பொட்டுகள் இருந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து ஓலையைத் தட்டுங்கள். தாளில் மிளகாய்த் தூள்போல் விழுந்து ஊர்ந்தால் சிலந்திப் பேன். ஏர்கான் அறையின் வறட்சியில் அது மிக வேகமாகப் பெருகும். குளிர்த் தாக்குதலோடு சேர்ந்தே வருவதும் உண்டு.

புதிதாக வாங்கிய செடி, வீட்டில் ஏர்கானே போடாமல் ஒரு வாரத்தில் கருகினால், அது வந்த வழியையும் நினைத்துப் பாருங்கள். குளிரூட்டிய கொள்கலனில் பல நாள் பயணம் செய்த செடி கடையில் பச்சையாகத் தெரிந்து, வீட்டுக்கு வந்த பிறகு தன் காயத்தைக் காட்டும்.

எந்தப் பனை என்பதும் முக்கியம். சிவந்த தண்டுக்காக வரவேற்பறையில் வைக்கப்படும் லிப்ஸ்டிக் பாம், மலாயில் பினாங் ராஜா, இந்தப் பகுதியின் சதுப்புக் காடுகளில் வளர்ந்தது. குளிர் என்றால் என்னவென்றே அறியாத மரம். சிங்கப்பூர் பூமலையின் (தாவரவியல் பூங்காவின்) சின்னத்தில் இருப்பது அதுதான். நன்றாக வளர்ந்த ஒன்றை நேரில் பார்க்க பூமலைக்கே போய் வாருங்கள். ஆரோக்கியமான குருத்து எப்படி நிமிர்ந்து நிற்கும் என்பது ஒருமுறை பார்த்தால் மறக்காது. வட்ட விசிறி ஓலையுள்ள லிக்குவாலா கிராண்டிஸ், மணிலா பாம், தொட்டித் தென்னை இவையும் குளிர் தாங்காதவை. மடகாஸ்கரிலிருந்து வந்த அரிக்கா பாம் நடுத்தரம். தென்சீனத்தின் ரேப்பிஸ், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லார்ட் ஹோவ் தீவின் கென்டியா, மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளின் பார்லர் பாம் ஆகிய மூன்றும் ஏர்கான் அறையைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நேராக முகத்தில் அடிக்கும் காற்றை அவையும் விரும்புவதில்லை.

முதல் நாள்: இடம் மாற்றம்

செடியை ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். அறை வெளிச்சத்தில் உருவான ஓலை, சிங்கப்பூரின் நண்பகல் வெயிலில் ஒரே நாளில் வெளுத்துக் கருகும். குளிர்க் காயத்தின்மேல் சூட்டுக் காயம். நல்ல வெளிச்சமுள்ள நிழல் வேண்டும். ஏர்கான் போடாத அறையின் கிழக்கு ஜன்னலோரம், துணி காயப்போடும் இடத்தின் உள்பக்கம், அல்லது வீட்டு வாசல் தாழ்வாரம். மேற்குப் பார்த்த தாழ்வாரமானால் பிற்பகல் வெயில் விழாத மூலை.

பொதுத் தாழ்வாரத்தில் வைப்பதானால் நடப்பதற்கு 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். தொட்டியைத் தடுப்புச் சுவரின்மேல் ஒருபோதும் ஏற்றாதீர்கள். கீழே போகிறவர் தலை உங்கள் பொறுப்பு.

இடம் மாற்றும்போதே அலங்காரத் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். அலுவலகச் செடிகளில் பாதிக் கதை இங்கேதான் வெளிப்படும். ஓட்டையில்லாத அழகான வெளித்தொட்டி, அதனுள் நாற்றங்கால் பிளாஸ்டிக் தொட்டி, இரண்டுக்கும் நடுவே நான்கு விரல்கடை தண்ணீர். உள்தொட்டியைத் தூக்கி வெளியே வைத்து, மீட்சி முடியும்வரை வெளித்தொட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

குருத்துச் சோதனை

குருத்தோலையை அடியிலிருந்து ஒரு சாண் மேலே இரண்டு விரலால் பிடித்து, மேல்நோக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். குழந்தையின் ஆடும் பல்லைத் தொட்டுப் பார்க்கும் அளவுதான் பலம். உறுதியாக நின்றால் நல்லது. இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள், தினமும் சோதிப்பதே குருத்தைப் பிடுங்கிவிடும். வாரம் ஒருமுறை போதும்.

அழியாத மை பேனாவால் குருத்தோலையிலும், அதை ஒட்டியிருக்கும் மட்டையிலும் ஒரே மட்டத்தில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். மட்டை இனி வளராது, குருத்துதான் வளரும். ஒரு வாரம் கழித்துக் குருத்தின் கோடு மட்டையின் கோட்டைவிடச் சில மில்லிமீட்டர் ஏறியிருந்தால் வளர்முனை உயிரோடு இருக்கிறது. செடி எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் கவலையில்லை. மூன்று வாரமாகக் கோடு நகராமலும், குருத்து உறுதியாகவும் இருந்தால் செடி ஓய்வில் இருக்கிறது என்று பொருள். காத்திருங்கள். இந்தக் கோட்டைப் போல நம்பகமான சோதனை வேறில்லை. ஓலையின் நிறத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு பாதி நேரம் தவறாகப் போகும்.

குருத்து கையோடு வந்துவிட்டால்

பதற்றம் வேண்டாம். குருத்தோலையின் அடி அழுகி, அதற்குக் கீழே வளர்முனை இன்னும் தப்பியிருக்க வாய்ப்புண்டு. வேலையை அன்றே செய்ய வேண்டும்.

வந்த குருத்தின் அடியை முகர்ந்து பாருங்கள். புளித்த, நாறிய வாடை அடித்தால் பாக்டீரியா அழுகல். அதைக் கட்டிப் பையிலிட்டுக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் சேர்க்காதீர்கள். தண்டின் உச்சியில் இப்போது ஒரு குழி இருக்கும். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதில் தேங்கிய அழுகல் நீரை முழுதும் வடியவிடுங்கள். கையுறை போட்டு, மெல்லிய துணி சுற்றிய மூங்கில் குச்சியால் தளர்ந்து தொங்குவதை மட்டும் எடுங்கள். கெட்டியாக இருக்கும் வெள்ளைத் திசுவைத் தோண்டக் கூடாது. அதுதான் நாம் காக்க நினைப்பது.

பிறகு மருந்துக்கடையில் காயம் கழுவ விற்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைக் குழி நிரம்பும் அளவு ஊற்றுங்கள். பொங்கி நுரைக்கும். நுரை அடங்கியதும், சுமார் அரை மணி நேரத்தில், மீண்டும் சாய்த்து வடித்து ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். இதன் வேலை கழுவுவது மட்டும், பாதுகாப்பு நிலைக்காது. திரும்பத் திரும்ப ஊற்றினால் நல்ல திசுவும் கெடும்.

மறுநாள் தாமிரப் பூஞ்சைக்கொல்லி. தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளில் குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை வைப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கலவையின் பலமே தாமிரம்தான். அடுக்குமாடி வீட்டில் அதைக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டாம். தோட்டக்கடையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அல்லது காப்பர் ஹைட்ராக்சைடு தயாராகக் கிடைக்கும். பொதியில் அச்சிட்ட அளவுக்கு மேல் கால் கரண்டிகூடக் கூட்டாதீர்கள். கலக்கியதைக் குழியின் சுவர்கள் நனையும்படி தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அவ்வளவுதான், இரண்டு முறை. தாமிரம் திசுவில் சேர்ந்தால் பனைக்கே நஞ்சு. சாதாரணப் பூஞ்சைக்கொல்லிகள் பலவும் பாக்டீரியாவைத் தொடுவதில்லை. தாமிரம் இரண்டையும் அடக்கும் என்பதால்தான் இந்தத் தேர்வு. கையுறையும் முகக்கவசமும் போட்டு, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளும் பூனையும் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். தாழ்வாரமானால் பக்கத்து வீட்டாரின் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டு.

இனிக் குழியில் தண்ணீர் விழக் கூடாது. மழைச் சாரல் படாத இடம். ஊற்றும் தண்ணீர் மண்ணில் மட்டும். தேங்கிய தண்ணீர் கொசுவுக்கும் வீடாகும் என்பது இங்கே சிறிய விஷயமல்ல. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஓலை அடியில் தேங்கும் நீர்கூடப் போதும்.

பிறகு பொறுமை. வெப்பமான இந்த ஊரில் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் குழியின் நடுவிலிருந்து ஒரு கூர் எட்டிப் பார்க்கலாம். மெதுவாக வளரும் ரேப்பிஸ், கென்டியா ஆறு மாதம்கூட எடுக்கும். முதலில் வரும் ஓலை குட்டையாக, கசங்கி, நுனி வெட்டுப்பட்டாற்போல் இருக்கும். இது புதிய நோயில்லை. ஒரு ஓலை வெளியே தெரியுமுன் பல மாதம் குருத்துக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கிறது. குளிர் அடித்த நாளில் உள்ளே மடிந்திருந்த ஓலைகள் அந்தக் காயத்தோடுதான் வெளியே வரும். இரண்டாவது, மூன்றாவது ஓலையில் உருவம் நேராகும்.

வெட்டலாமா, கூடாதா

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். நோய்ப்பட்ட தொட்டிப் பனையில் காவோலையே குருத்தோலைக்குச் சோறு போடுகிறது. பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற சத்துகளை முதிர்ந்த ஓலையிலிருந்து உறிஞ்சித்தான் பனை புதிய ஓலையைக் கட்டுகிறது. பாதி பச்சை மிஞ்சிய ஓலையை வெட்டினால், அந்தச் சேமிப்பையும் அது தயாரிக்கும் உணவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். செடி உடனே அடுத்த அடியோலையைச் சுரண்டத் தொடங்கும், இரண்டு வாரத்தில் அதுவும் மஞ்சளாகும், அதையும் வெட்டுவீர்கள். இப்படியே மேலேறிக் கடைசியில் ஒரு துடைப்பக்குச்சி மிஞ்சிய தொட்டிகள் எத்தனையோ.

அளவுகோல் எளிது. மட்டை உட்பட முழுதும் காய்ந்த ஓலையை மட்டும் எடுங்கள். அதையும் பிய்க்காமல், தண்டிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். மிஞ்சிய அடி தானே காய்ந்து உதிரும். பச்சையாகப் பிய்த்தெடுத்தால் தண்டில் காயம் விழும். பனைத் தண்டுக்குப் புதுப் பட்டை வளர்த்துக் காயத்தை மூடும் திறன் கிடையாது. அந்த வடு ஆயுளுக்கும் திறந்தே இருக்கும். கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அடுத்த செடிக்குப் போகுமுன் மறுபடி துடையுங்கள். நுனி மட்டும் கருகியிருந்து கண்ணுக்கு உறுத்தினால், ஓலையின் வடிவத்தையொட்டி, இரண்டு மில்லிமீட்டர் பழுப்பு விளிம்பை விட்டு வெட்டுங்கள். பச்சைவரை வெட்டினால் புது விளிம்பு மறுபடி காயும்.

தண்ணீர்

உண்ணும் சாப்ஸ்டிக் ஒன்றைத் தொட்டி ஓரமாகப் பாதி ஆழம்வரை குத்திப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். மண் ஒட்டி, குச்சி கறுத்து ஈரமாக வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். அடிப்பாகம் மட்டும் இலேசாக ஈரமாக, மேல் 5 சென்டிமீட்டர் காய்ந்து வந்தால் ஊற்றலாம். 30 சென்டிமீட்டர் தொட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், அடியில் வடியும்வரை, மெதுவாக. தட்டில் வடிந்ததை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். “தினம் அரைக் குவளை” என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது மேல் மண்ணை எப்போதும் ஈரமாகவும் அடி வேரை எப்போதும் வறட்சியாகவும் வைக்கும். ஓலை பாதி போன செடி முன்பு குடித்ததில் பாதிதான் குடிக்கும் என்பதை நினைவில் வைத்தால் தவறு குறையும்.

லிப்ஸ்டிக் பாம் இதற்கு விலக்கு. அது சதுப்பு மரம். மண் முழுக்கக் காய்ந்தால் தாங்காது. மேல் மண் இலேசாக உலரும்போதே ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பான இடத்தில் ஈரம் அதற்கு நல்லது. குளிரோடு சேர்ந்த ஈரம்தான் எமன்.

குழாய்த் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று சொல்வார்கள். இங்கே குழாய் நீரில் சேர்ப்பது குளோராமின். ஓர் இரவில் அது வெளியேறாது. அந்த அளவு செடிக்குக் கெடுதலும் இல்லை. தண்ணீர் அறைச் சூட்டில் இருந்தால் போதும். குளிர்பதனப் பெட்டித் தண்ணீரும் பனிக்கட்டியும் கூடவே கூடாது.

ஓலையின்மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். தெளித்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடும். குருத்துக்குள் இறங்கிய சொட்டு தங்கிவிடும். ஏர்கான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டாலே சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் தாராளம்.

இரண்டு வாரம் ஊற்றாமலே மண் ஈரமாக இருந்தாலோ, தொட்டியிலிருந்து சாக்கடை வாடை வந்தாலோ செடியை உருவி வேரைப் பாருங்கள். வெளிறிய, கெட்டியான வேர் நல்லது. அழுத்தினால் கொழகொழவென்று தோல் உரிந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சுவது அழுகல்; அதை மட்டும் வெட்டுங்கள். நல்ல வேரைக் கலைக்கவோ பிரிக்கவோ வேண்டாம். புதிய மண்ணுக்குத் தேங்காய் நார்த்தூள் அல்லது தொட்டி மண் மூன்று பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளைக் குருணை) அல்லது இங்கே பையில் விற்கும் சுட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. பெரிய தொட்டிக்கு மாற்றக் கூடாது. வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். அதே அளவு, அல்லது 3 சென்டிமீட்டர் கூட. முன்பு மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். ஆடுகிறதே என்று தண்டை ஆழப் புதைத்தால் அழுகும். ஆடினால் ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். வேர் நன்றாக இருந்தால் மண் மாற்றம் எதுவும் வேண்டாம், இன்னொரு அதிர்ச்சி எதற்கு?

உரம் எப்போது

குருத்தின் கோடு ஏறி, ஒரு புதிய ஓலை விரியும்வரை உரமே கூடாது. மந்தமான வேரைச் சுற்றி உப்பு சேர்ந்தால் வேர் முனை கருகும். ஓலை விரிந்த பிறகு மெதுவாகக் கரையும் உருண்டை உரம், பொதியில் சொன்னதில் பாதி அளவு. பனைக்கு உகந்த விகிதம் 8-2-12 (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்ற வரிசையில்), கூட 4 மெக்னீசியம். அது கிடைக்காவிட்டால் தழைச்சத்தைவிடச் சாம்பல் சத்து அதிகமாக உள்ள ஏதேனும் ஒன்று. யூரியா வேண்டாம். உருண்டை உரப் பொதியில் “மூன்று, நான்கு மாதம்” என்று இருந்தால் பெரும்பாலும் அது 21 டிகிரி சூட்டுக்குக் கணக்கிட்டது. 30 டிகிரியில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். மெக்னீசியக் குறை தெரிந்தால் மட்டும், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு, மாதம் ஒருமுறை மண்ணில்.

எப்போது கைவிடலாம்

அரிக்கா, ரேப்பிஸ், லிப்ஸ்டிக் போன்ற கொத்துப் பனைகளில் ஒரு தண்டு செத்தாலும் மற்றவை வாழும். அடியிலிருந்து புதுக் கன்றும் வரும். செத்த தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, மற்றதைத் தொடர்ந்து கவனியுங்கள். மணிலா பாம், தென்னை போன்ற ஒற்றைத் தண்டு மரத்தில் குருத்து போய், உச்சிக்குக் கீழே விரலால் அழுத்தினால் தண்டு அமுங்கினால் முடிந்துவிட்டது. தண்டு கெட்டியாக இருந்தால் ஆறு மாதம் கொடுங்கள். ஓலையே இல்லாமல் நின்ற தண்டு நான்காம் மாதத்தில் குருத்து விடுவது பனைகளில் அரிதல்ல.

மறுபடி ஏர்கான் அறைக்கு

குறைந்தது இரண்டு ஓலை புதிதாக விரியாமல் உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஏர்கானிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, காற்றின் பாதைக்கு வெளியே, ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். டிஷ்யூச் சோதனையை அங்கேயும் செய்யுங்கள். காற்றைத் திருப்பும் தகடு மாட்டினால் இன்னும் நல்லது. அறையை 25 டிகிரியில் வைத்தால் செடிக்கும் போதும், மின் கட்டணத்துக்கும் நல்லது. முதல் வாரம் நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம், அடுத்த வாரம் பகல் முழுக்க என்று பழக்குங்கள்.

உள்ளே எப்போதும் பச்சை வேண்டும் என்றால் ஒரே அளவில் இரண்டு செடி வாங்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் மாற்றுவதுதான் நீடிக்கும் வழி. அரிக்காவுக்கு இது நன்றாகப் பலிக்கும். லிப்ஸ்டிக் பாமுக்கு இதுவும் வேண்டாம். அதைத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு, அறைக்குள் ஒரு ரேப்பிஸை வையுங்கள். மாற்றும் நாளன்று உள்ளே போகும் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். முந்திய நாள் ஊற்றி வடியவிட்டு, மண் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே கொண்டுபோங்கள்.